கொக்கு மார்க் வெள்ளை

அரிசி மாவு இல்லை சார். காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மூட்டையில் இடித்தால் தூசு கிளம்பும், உங்கள் பேன்ட் வேறு கறுப்பு. கண்டக்டரும் மாவு என்றுதான் நினைத்தார். மாவுக்கு லக்கேஜ் இவ்வளவு, உரத்துக்கு இவ்வளவு என்று மனதுக்குள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார் போல. டைட்டானியம் என்றதும் விழித்தார். ராக்கெட்டுக்குப் போடுகிற சாமானா என்று கேட்டார். இல்லை அய்யா, சுவருக்கு அடிக்கிற வெள்ளை என்று சொல்லி ஏற்றினேன். ஏற்றியது நான் இல்லை, ஆட்டோக்காரர். எனக்கு இடுப்பு சரியில்லை.

இருபத்தைந்து கிலோ. கிலோ இருநூற்று எண்பத்தைந்து. வெளியில் இருநூற்றுத் தொண்ணூற்றைந்துக்குப் போகிறது. தூத்துக்குடி வியாபாரியிடம் அரை மணி நேரம் பேசிப் பத்து ரூபாய் குறைத்தேன். முதலில் முடியவே முடியாது என்றான், பிறகு ஒரு மாதிரி சிரித்துக்கொண்டு சரி என்றான். என் பேச்சு அப்படி. பெருக்கிப் பார்த்தால் ஏழாயிரத்துக்கு மேல். இந்த சீட்டில் உட்கார்ந்திருக்கிறவர்களில் விலை கூடியவர் இவர்தான் என்று வையுங்கள்.

ஒருவர் வீட்டுக்குப் போகும்போது பழம் வாங்கிப் போவார்கள், ஸ்வீட் வாங்கிப் போவார்கள். நான் டைட்டானியம் கொண்டுபோகிறேன். ஏன் என்று கேட்பீர்கள். நீங்கள் கன்னியாகுமரி வரைக்கும் போகிறீர்கள், நான் பெருமணலில் இறங்குகிறேன். ரெண்டு மணி நேரம் இருக்கிறது. சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். எனக்கு ஒரு ஆள் துரோகம் செய்துவிட்டான். அவனைப் பார்க்கத்தான் போகிறேன்.

என் பெயர் திரவியம். திருநெல்வேலிப் பேட்டையில் பெயின்ட் கம்பெனி வைத்திருக்கிறேன். கொக்கு மார்க். பார்த்திருப்பீர்கள், வாளியில் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நிற்கும். பெரிய கம்பெனிக்காரர்கள் நடிகரை நிறுத்துகிறார்கள், எனக்குக் கொக்குதான் கட்டுபடியானது. பதினான்கு ஆட்கள், மூன்று மாவட்டம், இருபத்திரண்டு வருஷம். வெள்ளை மட்டும்தான் செய்கிறோம். நீலம், பச்சை எல்லாம் கிடையாது. வெள்ளை என்றால் திரவியம் என்று ஒரு காலத்தில் சொல்வார்கள். யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள், சொன்னார்கள்.

பெயின்டில் வெள்ளை என்பது எது? இதுதான், உங்கள் காலடியில் இருக்கிற பொடி. மற்றது எல்லாம் தண்ணீர், பசை, கல் மாவு. அடியில் இருக்கிற கறையை, எழுத்தை, பழைய நிறத்தை மறைக்கிற வேலை முழுக்க இதனுடையது. கல் மாவு கிலோ எட்டு ரூபாய். இது இருநூற்று எண்பத்தைந்து. ரெண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். எட்டுக்கும் இருநூற்று எண்பத்தைந்துக்கும் நடுவில் உட்கார்ந்துதான் நான் ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுத்தேன், ஒரு பையனைப் படிக்க வைத்தேன்.

இதில் ஒரு வேடிக்கை. இந்த வெள்ளையை எடுக்கிற மணல் நாம் போகிற கடற்கரையில் கறுப்பாகக் கிடக்கும். ஆனால் எனக்குச் சரக்கு வருவது சீனாவிலிருந்து, கப்பலில். அங்கே ஒரு மில்லை மூடினால் பேட்டையில் எனக்கு விலை ஏறும். டாலர் ஏறினால் ஏறும். கப்பல் வாடகை ஏறினால் ஏறும். வரி போடப்போகிறார்கள் என்று யாராவது டீக்கடையில் பேசினாலே ஏறும். விலை வைக்கிறவன் முகத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் தினமும் காலையில் அவனைத்தான் நினைத்துக்கொண்டு எழுந்திருக்கிறேன்.

சரி, நீயும் விலையை ஏற்றிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். ஏற்றிப் பார்த்தேனே. வாளிக்கு இருபது ரூபாய். கடைக்காரர்கள் மரியாதையாக வணக்கம் சொல்லி, அடுத்த மாதம் வேறு வாளியை அடுக்கி வைத்துவிட்டார்கள். வாளிக்குள் டோக்கன் போடுகிற கதை உங்களுக்குத் தெரியுமா? பெயின்டருக்கு. மூடியைத் திறந்தால் உள்ளே ஐம்பது ரூபாய் டோக்கன் இருக்கும். வீட்டுக்காரர் எந்த நிறம் என்று பார்ப்பார், பெயின்டர் எந்த டோக்கன் என்று பார்ப்பார். பெரிய கம்பெனி நூறு ரூபாய் போட்டால் நான் ஐம்பதாவது போட வேண்டும். மேலே டோக்கன், கீழே டைட்டானியம், நடுவில் நான். எங்கே குறைப்பேன்?

ஒரு கிலோ குறைத்தேன். ஒரே ஒரு கிலோ.

முதலில் எங்கள் கலவைக்கு மூன்று மூட்டை கணக்கு. எழுபத்தைந்து கிலோ. அதை எழுபத்துநாலு ஆக்கச் சொன்னேன். ஒரு கிலோ, யாருக்குத் தெரியப்போகிறது? கலவை போடுகிறவன் சவரிமுத்து. அவன்தான் அந்த ஆள், பெருமணல்காரன். கம்பெனி ஆரம்பித்த அன்றைக்கு வந்தவன். படிப்பு எட்டாவது. ஆனால் கை இருக்கிறதே சார், கையில் தூக்கினாலே எடை சொல்லிவிடுவான். ஒரு தடவை தராசு ரிப்பேர் ஆகி ரெண்டு மாதம் அவன் கையாலேயே ஓட்டினோம். நூறு கிராம் பிசகாது. எழுபத்துநாலு என்றதும் மூட்டையிலிருந்து ஒரு கிலோவை அள்ளித் தனியே வைத்துவிட்டு, வைத்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். 

கலவைக் கணக்கை எங்கள் ஷெட்டில் மிஷினுக்குப் பக்கத்துச் சுவரில் எழுதி வைப்பது வழக்கம். டைட்டானியம் இத்தனை, கல் மாவு இத்தனை, பசை இத்தனை, அந்த மருந்து, இந்த மருந்து என்று பதினோரு வரி. கணக்கு மாறினால் பழைய எழுத்தின் மேல் நம்முடைய வெள்ளையையே ஒரு கோட் அடித்து, காய்ந்ததும் புதுக் கணக்கை எழுதுவோம். காகிதத்தில் எழுதினால் எவனாவது எடுத்துக்கொண்டு போட்டிக் கம்பெனிக்குப் போய்விடுவான் இல்லையா? சுவரை யார் தூக்கிக்கொண்டு போவான்? அது என் யோசனை. பதினேழு தடவை மாற்றி எழுதினோம்.

எழுபத்துநாலு எழுபத்திரண்டு ஆனது. அறுபத்தெட்டு ஆனது. விலை பத்து ரூபாய் ஏறினால் நான் ஒரு கிலோ, ரெண்டு கிலோ இறங்குவேன். ஒவ்வொரு தடவையும் அட்டையில் போட்டுப் பார்ப்போம். பாதி கறுப்பு, பாதி வெள்ளையாக ஒரு அட்டை உண்டு. அதன் மேல் பெயின்டை இழுத்துக் காய வைத்தால், அடியில் இருக்கிற கறுப்பு தெரியக் கூடாது. தெரியவில்லை சார். ஐம்பதிலும் தெரியவில்லை. நாற்பதிலும் தெரியவில்லை. குறைந்த டைட்டானியத்துக்குப் பதில் கல் மாவைக் கூட்டிக்கொண்டே வந்தோம். காய்ந்தால் பால் மாதிரி இருந்தது. அப்போது எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. இத்தனை வருஷமாக அநியாயத்துக்கு அள்ளிக் கொட்டியிருக்கிறோமோ என்று.

நடுவில் விலை இறங்கியதா என்றா கேட்டீர்கள்? இறங்கியது. ரெண்டு தடவை இறங்கியது. இருநூற்றுப் பத்துக்குக்கூட வந்தது. அது வேறு விஷயம். விலை இறங்குகிறதே என்று கலவையை மாற்றிக்கொண்டிருந்தால் சரக்கு ஒரே மாதிரி இருக்காது. தரம் என்றால் என்ன? ஒரே மாதிரி இருப்பதுதானே?

முப்பத்தேழுக்கு வந்தபோது சவரிமுத்து ஆபீஸ் ரூமுக்கு வந்தான். அவன் உள்ளே வருவதே அபூர்வம், கால் எல்லாம் வெள்ளையாக இருக்கும் என்று வாசலிலேயே நிற்பான். அன்றைக்கு வந்து அட்டையை மேஜையில் வைத்து, என் தம்ளரிலிருந்து ரெண்டு சொட்டுத் தண்ணீரை அதன் மேல் விட்டான். விட்ட இடத்தில் மெதுவாகக் கறுப்பு எழும்பி வந்தது.

"காஞ்சா தெரியாது மொதலாளி. நனைஞ்சா தெரிஞ்சிரும்."

நனைந்த வேட்டி மாதிரியாம். கல் மாவு தனக்குள் இருக்கிற காற்றைக் காட்டித்தான் வெள்ளையாக நிற்கிறதாம். தண்ணீர் உள்ளே போனால் காற்று போய்விடும், வெள்ளையும் கூடவே போய்விடும். டைட்டானியத்துக்கு யார் தயவும் வேண்டாம் என்றான். எட்டாவது படித்தவன் இவ்வளவு பேசினான். நான் அவனை உட்கார வைத்து ஒரு கணக்குச் சொன்னேன். திருநெல்வேலியில் வருஷத்துக்கு எத்தனை நாள் மழை? முப்பது, முப்பத்தைந்து. மிச்சம் முன்னூற்று முப்பது நாளும் என் வெள்ளை வெள்ளைதானே? முன்னூற்று முப்பது நாள் வேலைக்கு வருகிற ஆளை யாராவது குறை சொல்வார்களா? ஈர அட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் முப்பத்துநாலு ஆக்கினேன். பிறகு முப்பத்தொன்று. ஒன்றேகால் மூட்டை.

அந்த நேரத்தில்தான் காலேஜ் ஆர்டர் வந்தது. பாளையங்கோட்டை தாண்டி ஒரு மகளிர் கல்லூரி, பெயர் வேண்டாம். தாளாளர் ஞானசௌந்தரி அம்மா. அவருடைய டிரஸ்டுக்குப் பதினோரு பள்ளிக்கூடமும் உண்டு. கல்லூரியின் காம்பவுண்டு சுவர் மெயின் ரோட்டை ஒட்டி ஒன்றரை கிலோமீட்டர். அவ்வளவு நீளச் சுவர் சும்மா இருக்குமா? முழுக்க விளம்பரம். சர்க்கஸ், ஜோசியர், மனை விற்பனை, மூல வைத்தியர். எல்லாவற்றையும் மறைத்து வெள்ளை அடித்து, மேலே நீலத்தில் கல்லூரி பெயரும் வாசகமும் எழுத வேண்டும். இது சரியாக அமைந்தால் பதினோரு பள்ளிக்கூடமும் உங்களுக்குத்தான் என்று அந்த அம்மா சொன்னார். எனக்குக் கொக்கு பறக்கிற மாதிரி இருந்தது.

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. புது ஆர்டர் பிடித்தால் முதல் கலவையைச் சாமி கும்பிட்டுத்தான் போடுவோம். நான் கற்பூரம் காட்டுவேன், சவரிமுத்து சிலுவை போட்டுக்கொள்வான், மிஷின் சுற்றும். இந்தத் தடவையும் அப்படித்தான். கற்பூரம் காட்டிவிட்டு நான் ஆபீசுக்குப் போய்விட்டேன், போன்மேல் போன். முதல் கலவை வாளிகளில் குங்குமம் வைத்து, நல்ல நேரத்தில் கல்லூரி வாசலிலிருந்து வேலையை ஆரம்பித்தார்கள். 

அடித்தவன் ஐகோர்ட்துரை. பெயரே அதுதான் சார், அவர்கள் குலசாமி பெயர். நல்ல வேலைக்காரன். மூன்றாம் நாள் போன் செய்து, ஈரமாக இருக்கும்போது அடியில் எழுத்து தெரிகிறது அண்ணாச்சி, காய்ந்த பிறகுதான் மறைகிறது என்றான். காயட்டும்வே என்றேன். வாசல் பக்கம் அப்படி இல்லையே, அடிக்கும்போதே மறைந்ததே என்றான். அதை நான் காதில் வாங்கவில்லை. பெயின்டர்கள் டோக்கனைக் கூட்டச் சொல்லி இப்படி ஏதாவது ஆரம்பிப்பார்கள்.

முடிந்ததும் போய்ப் பார்த்தேன். புரட்டாசி வெயிலில் ஒன்றரை கிலோமீட்டர் வெள்ளை. கண் கூசியது. திறப்பு விழாவைப் பங்குனியில் வையுங்கள் அம்மா, முகூர்த்த மாதம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர்கள் கிறிஸ்தவர்கள், எனக்கு எதற்கு முகூர்த்தம் என்று கேட்டுவிட்டார். ஐப்பசியில் தேதி வைத்தார்கள்.

விழா காலை பதினொரு மணிக்கு. ரோட்டுக்கு இந்தப் பக்கம் பந்தல், எதிரே சுவர். சிறப்பு விருந்தினர் ஓய்வுபெற்ற நீதிபதி. ஐநூறு மாணவிகள். என்னை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். தாளாளர் அம்மா பேச எழுந்தபோது மேகம் ஒன்றும் பெரிதாக இல்லை. கல்லூரியின் வளர்ச்சியைச் சொல்லிக்கொண்டே வந்து, அடுத்த வருஷம் தென்காசியில் நம் இரண்டாவது கிளையைத் திறக்கிறோம் என்றார். அப்போது மழை பிடித்தது. பந்தலுக்குள் ஒரு சொட்டு விழவில்லை. எல்லாரும் வசதியாக உட்கார்ந்து எதிரே இருக்கிற சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சொல்லவே கூச்சமாக இருக்கிறது சார். நீலத்தில் புது எழுத்து, 'மகளிர் கல்லூரி' என்று இத்தனை பெரிதாக. அதற்குக் கீழே, முதலில் மங்கலாக, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, சிவப்பில் ஒரு வரி எழும்பி வந்தது. 'மூலம், பௌத்திரம், ஒரே ஊசியில் நிவாரணம்.' அதற்கும் கீழே, 'பெண்களுக்குத் தனி இட வசதி உண்டு.' மாணவிகள் பக்கம் ஒரு சத்தம் கிளம்பியது, இருமல் மாதிரி. தாளாளர் அம்மாவுக்குச் சுவர் முதுகுப் பக்கம், அவர் பேச்சை நிறுத்தவில்லை. நீதிபதிக்கு வயதாகிவிட்டது, எழுத்தைக் கண்டால் வாய்விட்டுப் படிக்கிற பழக்கம். அடுத்துப் பேசுவதற்காக முதல் வரிசையில் கையில் மைக்கோடு உட்கார்ந்திருந்தார். கடைசி வரியை அவர்தான் நிதானமாகப் படித்தார்.

"எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது."

அதற்குப் பிறகு சர்க்கஸ் யானையும் வந்தது. அதை நான் சொல்லவில்லை.

இருந்தாலும் நான் கலங்கவில்லை. இந்தத் தொழிலில் இருபத்திரண்டு வருஷம். சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது, செங்கல்லில் உப்பு, விளம்பரக்காரன் போட்ட சிவப்பு மட்டமானது, அது மேலே ஏறி வரும், என்று சொல்வதற்குப் பத்துக் காரணம் கைவசம் உண்டு. எந்தச் சுவருக்கும் பொருந்தும். சுவரின் மேல் பழி போட்டால் சுவர் வந்து சாட்சி சொல்லுமா? இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். குடையைப் பிடித்துக்கொண்டு தாளாளர் அம்மா ரோட்டைத் தாண்டிப் போனார், நானும் பின்னாலேயே போய் உப்பு, ஈரம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டே வந்தார். வாசல் பக்கம் வந்ததும் நின்றுவிட்டார்.

வாசலின் ரெண்டு பக்கமும் சேர்த்து நானூறு அடி இருக்கும். சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது. ஒரு எழுத்து இல்லை. பால்.

"மிஸ்டர் திரவியம், இங்க மட்டும் செங்கல்லுல உப்பு இல்லையா?"

திரும்பிப் பார்த்தால் சவரிமுத்து, விழாவுக்கு என்று வெள்ளைச் சட்டை போட்டு வந்து ஓரமாக நின்றுகொண்டிருந்தான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முதல் கலவை. முழுசாக மூன்று மூட்டை போட்டிருக்கிறான். ஸ்டாக்கைப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும், ஆர்டர் சந்தோஷத்தில் நான் பார்க்கவில்லை.

துரோகம் என்றேனே, இதுதான் சார். எல்லாச் சுவரும் ஒரே மாதிரி இளித்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். ஒரு நானூறு அடியை ஒழுங்காகச் செய்து என்னைக் கவிழ்த்துவிட்டான்.

அப்போதும் ஒரு வழி கண்டுபிடித்தேன். அவன் காதோடு சொன்னேன், தப்பு என்னுடையது என்று சொல்லிவிடு சவரி, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. நம்பிக்கையான ஆள், சொன்னால் சொன்னபடி செய்வான். தாளாளர் அம்மா முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"தப்பு என்னோடதுதாம்மா. முதக் கலவையில மூணு மூட்டை போட்டுட்டேன்."

"எத்தனை போடணும்?"

"ஒண்ணேகால்மா."

"மிச்சச் சுவருக்கெல்லாம்?"

"ஒண்ணேகால்தாம்மா. எடை பிசகாமப் போட்டேன். அதுல ஒரு தப்பும் நடக்கல."

அந்த அம்மா கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. பொங்கல் லீவு முடிந்து பிள்ளைகள் வரும்போது முழுச் சுவரும் இந்த வாசல் மாதிரி இருக்க வேண்டும், உங்கள் செலவில், என்றார். தண்ணீர் லாரி கொண்டுவந்து நனைத்துப் பார்த்துத்தான் ஒப்புக்கொள்வேன் என்றார். இல்லாவிட்டால் பதினோரு பள்ளிக்கூடம் மட்டும் இல்லை, மூன்று மாவட்டத்திலும் ஒரு கடையில் கொக்கு நிற்காது. அதை அவர் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். ஏற்கெனவே நாலு கடைக்காரர்கள் நம் வெள்ளையை அட்டையில் அடித்துத் தண்ணீர் தெளித்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கம்பெனிக்கு வந்ததும் ஆட்கள் முன்னாலேயே கேட்டேன், யார் சொல்லி மூணு மூட்டை போட்டாய் என்று.

"நீங்கதான் மொதலாளி சொன்னிய. முதக் கலவையில கை வைக்கக் கூடாதுன்னு."

"எப்போவே சொன்னேன்?"

"கம்பெனி தொறந்த அன்னைக்கி."

சொல்லிவிட்டுக் கலவைக் கரண்டியைக் கழுவி ஆணியில் மாட்டிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு போனவன்தான். நான் போகச் சொல்லவில்லை சார். இரு என்றும் சொல்லவில்லை. அதுதான் என் பக்கம் ஒரு சின்னக் குறை என்று என் வீட்டுக்காரி செண்பகம் சொல்கிறாள்.

போனால் போகட்டும், மூன்று மூட்டை போடுவதற்கு ஒரு சவரிமுத்து எதற்கு என்று நானே நின்று போட்டேன். கலவை கெட்டித் தயிராக உறைந்துவிட்டது. மிஷின் நின்று உறுமுகிறது. ரெண்டாவது கலவை தண்ணீர் வேறு, வெள்ளை வேறாகப் பிரிந்துவிட்டது. ஆறு மூட்டை டைட்டானியம் சாக்கடையில் போனது, சாக்கடை மட்டும் மூன்று நாள் பளிச்சென்று இருந்தது. ஏன் என்றால் ஒன்றரை மடங்கு, ரெண்டு மடங்கு என்று கல் மாவுக்குத் தகுந்தபடி மற்றப் பத்து வரியையும் பதினேழு தடவை மாற்றியிருக்கிறோம். முதல் கணக்கு என்னிடம் இல்லை. ஞாபகமும் இல்லை. அது சுவரில் இருக்கிறது, பதினேழு கோட்டுக்கு அடியில்.

உங்களுக்கும் அது தோன்றிவிட்டதா? எனக்கும் தோன்றியது. நானே ஒரு வாளித் தண்ணீரை எடுத்து அந்தச் சுவரில் வீசினேன். நின்று பார்த்தேன். வந்தது சார். முப்பத்துநாலு வந்தது. முப்பத்தேழு, நாற்பது, நாற்பத்துநாலு, பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசுகிற மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக வந்து நின்றது. ஐம்பத்திரண்டு வரைக்கும் வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. இன்னொரு வாளி வீசினேன். பைப்பை வைத்து அடித்தேன். கால் மணி நேரம் அடித்தேன். ம்ஹூம். அந்தக் காலத்து வெள்ளை, சொந்தப் பலத்தில் நிற்கிறது, விடமாட்டேன் என்கிறது. 

அவ்வளவு நல்ல வெள்ளை சார் அது. நான் போட்டது.

இனி அந்தக் கணக்கு சவரி தலையில் மட்டும்தான். செண்பகம்தான் சொன்னாள், போன் செய்தால் வரமாட்டார், நேரில் போங்கள், வெறுங்கையோடு போகாதீர்கள் என்று. அவள் ஆரஞ்சு எடுத்து வைத்தாள். ஆரஞ்சுக்கா அவன் மசிவான்? புதுசாகப் பன்னிரண்டு டன் டைட்டானியத்துக்குச் சொல்லிவிட்டேன், இனி முழுக் கலவைதான் என்று வாயால் சொன்னால் நம்பமாட்டான். என்னைப் பற்றி அவனுக்கு அப்படி ஒரு எண்ணம். அதனால் சீல் உடைக்காத முழு மூட்டை ஒன்றைக் கண்ணில் காட்டலாம், கையில் தூக்கிப் பார்க்கட்டும் என்று இன்று காலையில் தூத்துக்குடி போய் நேராக வாங்கிக்கொண்டு வருகிறேன். கிளம்பும்போது போன் செய்தேன். வாரேன் சவரி, மூட்டையோட வாரேன் என்றேன். பஸ் ஸ்டாப்புக்குச் சைக்கிள் கொண்டுவருகிறேன் என்று மட்டும் சொன்னான்.

அந்த ஒரு வார்த்தைதான் சார். அதை நம்பித்தான் பதினான்கு குடும்பம்.

அதோ கோபுரம் தெரிகிறதே, மாதா கோயில், அதுதான் பெருமணல். பாருங்கள், வந்து நிற்கிறான். அதே வெள்ளைச் சட்டை. சைக்கிள் கேரியரில் கயிறுகூடக் கட்டி வைத்திருக்கிறான். இளைத்துவிட்டான் பாவம். கண்டக்டர் அய்யா, கொஞ்சம் நிறுத்தித்தான் எடுக்கணும், லக்கேஜ் இருக்கிறது. சார், ஒரு கை கொடுங்கள். அந்தக் காதைப் பிடியுங்கள், நான் இதைப் பிடிக்கிறேன். ம்.

இருங்கள். கீழே வையுங்கள்.

லேசாக இருக்கிறதே. இன்னொரு தடவை தூக்குங்கள். இல்லை சார், எனக்கும் இருபத்திரண்டு வருஷம். இது இருபத்தைந்து இல்லை. இருபத்துநாலு. இந்தத் தையலைப் பாருங்கள், கம்பெனித் தையல் வெள்ளை நூல், இது பச்சை நூல். பிரித்து மறுபடி தைத்திருக்கிறான். அதுதான் அப்படிச் சிரித்தானா? பத்து ரூபாய் குறைத்த மாதிரி குறைத்து, ஒரு கிலோவை உருவியிருக்கிறான். ஒரு கிலோதானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்திருக்கிறான் பாருங்கள். இப்படியும் மனுஷன் இருக்கிறான்.

அய்யோ, சவரி கையில் வாங்கினாலே சொல்லிவிடுவானே. என்ன நினைப்பான்? அவன் வியாபாரியையா நினைப்பான்?

சார், ஒரு நிமிஷம் என்கூட இறங்குங்கள். பஸ் நிற்கும், நான் சொல்கிறேன், கண்டக்டர் நல்ல மனுஷர். தூத்துக்குடியிலிருந்து பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தீர்கள், மூட்டையை நான் தொடவே இல்லை என்று உங்களுக்குத் தெரியும். அதை மட்டும் அவனிடம் சொல்லிவிட்டுப் போங்கள். நான் சொன்னால் எடுபடாது.

வருகிறான், வருகிறான். சொல்லுங்கள் சார். இந்தத் தடவை நான் எடுக்கவில்லை.